டீச்சருக்குப் பொன்னாடை போர்த்திய வெள்ளிக்கிழமை

இப்போதெல்லாம் ஒருவரைக் கௌரவிக்கப் போகிறோம் என்று நாலு பேர் கூடினால் என் கண் வாசலைத் தேடுகிறது. மாலை, மேளம், பொன்னாடை, வீடியோக்காரர் என்று ஆரம்பித்தார்களோ, நான் மெல்ல எழும்பி வெளியே போய்விடுவேன். அழைப்பிதழ் கொண்டுவந்து தருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த மனுசிக்கு அடுத்தவர் நல்லாயிருந்தால் எரிச்சல் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எரிச்சல்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற எரிச்சல் இல்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளிக்கூடம். இப்போது அது இல்லை. கட்டிடம் நிற்கிறது, கேற்றில் பூட்டுத் தொங்குகிறது, உள்ளே எங்கெங்கோ கழித்துவிட்ட மேசை கதிரைகளைக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போது நான் அந்த ரோட்டால் போவதில்லை. சுற்றித்தான் போகிறேன்.

அந்தப் பள்ளியில் முதலாம் வகுப்பு எடுத்த டீச்சரைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நகரின் மறுகோடியில், வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, கோபம் வந்தால் இன்னும் யாழ்ப்பாணம். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்கோ. பேரை மட்டும் போடாதேங்கோ. போட்டீங்களெண்டால் இன்னொரு பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்திடுவினம்" என்றார். ஆகவே பெயர் போடவில்லை.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம், செடி, கொடி என்று நினைக்கக்கூடாது. ஓர் ஒழுங்கை, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாகத் தண்ணீர்ப் பைப், நடுவே ஓடுகிற சாக்கடைக் கான். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அப்படி ஒரு தோட்டத்திலிருந்துதான் வந்தார்கள். தகப்பன்மாருக்கு ஹாபரில் கப்பல் சாமான் இறக்குகிற, விடிந்தும் முடியாத இரவு வேலை, இல்லாவிட்டால் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற வேலை. தாய்மார் விடியுமுன்னே எழும்பி, கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கம்பனிக் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவார்கள். துரைமார் வருமுன் தரை காய்ந்திருக்க வேண்டுமாம். போகும்போது பிள்ளையைத் தட்டி எழுப்பி, உள்ளே கதவுக் கொண்டியைப் போடச் சொல்லுவார்கள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது அரசாங்கம் இல்லை, அதிபர் இல்லை, நானும் இல்லை. டீச்சர்தான். வெள்ளவத்தையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்குள் நுழைவார். "எழும்புங்கோ ராசா, எழும்புங்கோடி செல்லம், விடிஞ்சு போச்சுது!" என்று வாசல் வாசலாகக் கூப்பிட்டுக்கொண்டு போவார். கொண்டிகள் ஒவ்வொன்றாக விழும். பைப்படியில் வைத்து முகம் கழுவி, தலை வாரி, சப்பாத்து லேஸ் கட்டி, கையோடு கை கோத்து அந்த வாண்டுகளின் ஊர்வலத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்து விடுவார். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்புவார்கள். தோட்டத்தில் ஒரு வீட்டிலும் அலாரம் கிடையாது. டீச்சர்தான் அவர்களுக்கு மணிக்கூடு.

நான் பகிடி பண்ணுவேன். "டீச்சர், நீங்க படிப்பிக்க வாறீங்களா, இல்ல பால்காரன் மாதிரி வீட்டுக்கு வீடு கத்த வாறீங்களா?"

"வராத பிள்ளைக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது? முதல்ல ஆளைக் கொண்டந்து வாங்கில இருத்தோணும். மிச்சம் பிறகு" என்பார்.

வாங்கு என்கிற அந்தப் பெஞ்சில் இருத்தினால் மிச்சம் வந்தது என்பதும் உண்மை. மற்றப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள் இருக்கும்போது, டீச்சரின் பிள்ளைகள் இரண்டாம் தவணைக்குள் பஸ் போர்டு, சோப்புப் பெட்டி, சுவர் நோட்டீஸ் எல்லாவற்றையும் வாசித்துத் தொலைக்கும். ஒருநாள் ஒரு தாய் என்னிடம் வந்து, "மகன் என் சம்பளத் துண்ட வாசிச்சுக் காட்டுறான் டீச்சர், சுப்பவைசர் இவ்ளோ நாளா என்ன ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கான்" என்று சொல்லி அழுதாள். இதற்கெல்லாம் யார் பொன்னாடை போர்த்துகிறார்கள்?

பிறகு அந்த வருடம் வந்தது. பிள்ளைகள் குறைந்த சின்னப் பள்ளிகளை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் அது கண்டெய்னர் லொறிகள் ஓடுகிற பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "இந்தப் பிள்ளையள் அங்கை போகாதுகள்" என்று டீச்சர் அன்றே சொன்னார். "கூட்டிக்கொண்டு போக ஆர் இருக்கினம்? பாதிப் பேர் வீட்டோடை நிண்டிடுவினம். பிறகு அதுகளின்ர சீவியம் அவ்வளவுதான்."

கல்வி வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுவார் என்றார்கள். வரவு இடாப்பைக் காட்டினால் போதாது. மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாப் பள்ளியும் இடாப்பில் வராத பிள்ளைக்கும் வரவு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதிகாரி வகுப்புக்குள் நடந்து, தன் கண்ணால் தலைகளைப் பார்ப்பார். வாங்குகள் நிறைந்திருந்தால் பள்ளி பிழைக்கும், வெறுமையாக இருந்தால் மூடுவிழா. எங்கள் வாங்குகள் நிறைந்துதான் இருந்தன. நாங்கள் பயப்படவே இல்லை.

டீச்சர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். பழைய மாணவர் நாலைந்து பேர் கூடி, அவருக்குப் பாராட்டு விழா வைக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். தலைமை தாங்கியவர் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். வலது கை, லண்டனிலிருந்து லீவில் வந்த ஒருவர். அவர் திரும்பிப் போகுமுன் வைத்தாக வேண்டும் என்பதால் வருடக் கடைசி வரை பொறுக்க முடியாதாம். இரண்டு பேரும் டீச்சர் கைபிடித்து எழுதப் பழகியவர்கள், அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு கூடிப்போய்த்தான் இவ்வளவும்.

எங்கள் அதிபருக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. அந்த வலய அதிகாரியையே விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டால், பள்ளிக்கு ஊரில் எவ்வளவு மரியாதை என்று பார்ப்பார், நிறைந்த வகுப்புகளையும் பார்ப்பார், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

நேரம் குறிக்கிற கூட்டத்தில் நானும் இருந்தேன். அதிகாரி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வர முடியும் என்றிருந்தார். அவர் முஸ்லிம், ஜும்மாத் தொழுகைக்குப் போக வேண்டும், ஆகையால் பதினொரு மணிக்கு முன் வெளிக்கிட வேண்டும். நகைக்கடைக்காரர் கலண்டரைப் பார்த்துவிட்டு, வெள்ளி பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பொன்னாடை போர்த்தி முடித்துவிட வேண்டும் என்றார். பேச்சுக்கு இவ்வளவு நேரம், நடனத்துக்கு இவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, காலை எட்டு மணிக்குத் தொடக்கம் என்று முடிவானது. அதற்கு முன்னே டீச்சரை வெள்ளவத்தையிலிருந்து வானில் கூட்டிவந்து, சந்தியில் இறக்கி, மேளதாளத்தோடு ஊர்வலம்.

டீச்சர் எழும்பினார். "பின்னேரம் வைக்க ஏலாதோ? காலமை நான் பிள்ளையளை எழுப்போணும்."

"டீச்சர், ராகுகாலம்..." என்று நகைக்கடைக்காரர் இழுத்தார்.

"ஒவ்வொரு வெள்ளியும் ராகுகாலத்திலதான் நான் கணக்குப் படிப்பிக்கிறனான். இண்டை வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் ஆகேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"இது உங்களுக்கான விழா டீச்சர், நீங்க ஒண்டும் யோசிக்கப் படாது" என்றார் லண்டன்காரர்.

"எனக்கான விழாவெண்டால் நேரத்தை நான் சொல்லலாம்தானே?"

அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. வான் விடியற்காலையிலேயே வெள்ளவத்தைக்கு வரும், டீச்சரை முதலில் தோட்டத்துக்குக் கொண்டுவரும், டீச்சர் வழக்கம்போலப் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளியில் விட்ட பிறகுதான் சந்திக்குப் போவார். "அம்மாவாண டீச்சர், உங்க பஸ்ஸுக்கு முன்னமே நான் வந்து நிப்பேன்" என்று லண்டன்காரர் தலையில் கை வைத்துச் சொன்னார். டீச்சர் நம்பிவிட்டார். தன்னிடம் படித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய ஒரே மூடநம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை நான் நேரத்தோடு போய் மண்டபத்தில் பலூன் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் கிட்ட போன் அடித்தது. டீச்சர்.

"வான் இப்பதான் வந்தது. இந்தா வாறம், இந்தா வாறமெண்டு சொல்லி என்னைப் பஸ்ஸிலயும் ஏற விடேல்லை. மாலை பிந்திப் போச்சுதாம். இப்ப வாசல்ல நிப்பாட்டி வைச்சு வீடியோ எடுக்கினம். காலி வீதி முழுக்க வாகனம், நான் வந்து சேர எட்டாகும். நீங்க ஒருக்காத் தோட்டத்துக்குப் போங்கோ டீச்சர். பிள்ளையள் உங்களுக்குத் திறக்காதுகள், தெரியும். எண்டாலும் போங்கோ. தாய்மார் ஆரும் நிண்டால்..."

பின்னால் யாரோ, "டீச்சர், இண்டைக்கு ஒரு நாள் போனத் தூக்கிப் போடுங்க, இங்க கமராவப் பாருங்க" என்று சொல்வது கேட்டது. லைன் அறுந்தது.

நான் பலூனைப் போட்டுவிட்டு ஓடினேன். தோட்டம் அமைதியாகக் கிடந்தது. முதல் வீட்டுத் தகரக் கதவைத் தட்டினேன். "பிள்ளை, எழும்புங்க, பள்ளிக்கூடம் போகணும்!" உள்ளே பாய் அசைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டிலும் அதே கதை. மூன்றாம் வீட்டில் கதவு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "நான்தான், நாலாம் வகுப்பு டீச்சர். உங்க டீச்சர் அனுப்பினாங்க, கதவத் தொறங்க" என்றேன். கண் மறைந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்க டீச்சர் அனுப்பினாங்க. என் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கக் கூடாதா?

விஷயம் இதுதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன், போதைத் தூள் பழக்கம் உள்ள ஒருத்தன், தாய்மார் போகிற நேரம் பார்த்து இந்தத் தோட்டத்தில் ஒரு வீட்டைத் தட்டியிருக்கிறான். "டீச்சர் என்ன அனுப்பினாங்க" என்று சொன்னதும் உள்ளே இருந்த சிறுமி திறந்துவிட்டாள். அவளை மூலையில் இருத்திவிட்டு, கேஸ் சிலிண்டரையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையைத் தொடவில்லை, அந்தோனியாருக்குத் தோத்திரம். ஆனால் தன் பெயரைச் சொல்லித்தான் கதவு திறந்தது என்பதை டீச்சரால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு எழுத்தைவிடக் கடுமையாக ஒன்றைப் படிப்பித்தார். அம்மா அப்பாவின் குரலுக்குத் திறக்கலாம், டீச்சரின் குரலுக்குத் திறக்கலாம், வேறு எவர் குரலுக்கும் திறக்கக்கூடாது. டீச்சர் அனுப்பினார் என்று சொன்னால் கட்டாயம் திறக்கக்கூடாது. சத்தமும் போடக்கூடாது. படிப்பித்ததோடு விடாமல் விளையாட்டாகப் பழக்கினார். வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்தி, தேன் குரலில் கூப்பிடச் சொல்லுவார். உள்ளே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிலையாக இருக்க வேண்டும். அந்த விளையாட்டில் வெளியே நின்ற கள்ளி நான்தான். "டீச்சர் அனுப்பினாங்க, தொறங்க செல்லங்களே" என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்! ஒரு பிள்ளையும் ஏமாந்ததில்லை.

பைப்படியில் குடம் வைத்திருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அதுங்க தொறக்காதுங்க டீச்சர். அவங்க கொரல் வேணும்."

"நீங்களாவது கூப்பிட்டுப் பாருங்களேன் ஆச்சி."

அவள் கூப்பிட்டாள். தெரிந்த ஆள்தான், ஆனாலும் ஒரு கொண்டி விழவில்லை. டீச்சருக்கு மறுபடி மறுபடி போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. விழாக்காரர் அதை வாங்கி யாருடைய பைக்குள்ளோ போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

பெரியவர்கள் வீட்டில் நின்ற இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு நான் ஒழுங்கை வாயிலுக்கு வந்தபோது, மேளச் சத்தம் கேட்டது. ஊர்வலம் அந்த வழியால்தான் வந்தது. நாதஸ்வரம், தவில், பூத்தட்டு, வீடியோ, நடுவிலே பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையும் கழுத்து மறைக்க மாலையுமாக டீச்சர். நான் கையை ஆட்டி, "பிள்ளைகள் தொறக்கல டீச்சர்!" என்று கத்தினேன். தவிலுக்கு முன்னால் என் குரல் எங்கே எடுபடும்? ஆனால் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். சட்டென்று ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் முழங்கையைப் பிடித்தார்கள். "இந்தப் பக்கம் டீச்சர், சேர் வந்து காத்திட்டு இருக்கார், எட்டு தாண்டிட்டு."

"விடுங்கோடா! என்ர பிள்ளையள் உள்ளுக்கு நிக்குதுகள், விடுங்கோடா!"

அவர்களுக்கு என்ன சந்தோஷம்! "ஐயோ, டீச்சர் இன்னும் அதே மாதிரி ஏசுறாங்கடா" என்று சிரித்தார்கள். லண்டன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோக்காரர் கிட்ட வந்து அதை எடுத்தார். ஏச்சு வாங்கிக்கொண்டே, அன்பாக, மிகவும் மரியாதையாக, அவரை ஒழுங்கையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

மேடைக்குப் பின்பக்கத்தால் ஏறி நான் அதிபரின் காதில் சொன்னேன். "அஞ்சு நிமிசம் பொறுங்க, வரவேற்புரை முடியட்டும்" என்றார். வரவேற்புரைக்குப் பிறகு ஆசியுரை, ஆசியுரைக்குப் பிறகு நடனம். டீச்சர் இரண்டு தரம் எழும்பினார், இரண்டு தரமும் தோளில் கை வைத்து இருத்தினார்கள். பிறகு பொன்னாடை. பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் ஒன்று, நகைக்கடையின் பெயரில் ஒன்று, லண்டன் கிளையின் பெயரில் ஒன்று, பெற்றோர் பெயரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எழும்பி நிற்க வேண்டும், கமராவைப் பார்க்க வேண்டும். நகைக்கடைக்காரர் மைக்கைப் பிடித்து, "பிள்ளைகளுக்காகவே வாழ்கிற தெய்வம்" என்று பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பிள்ளைகளுக்கென்று போட்ட வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மைக்கைப் பிடுங்கி அடித்திருப்பேன்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டதும் டீச்சர் மைக்குக்குக் கிட்டப் போய், "என்ர பிள்ளையள் இன்னும் வரேல்லை" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சபை கை தட்டியது. எழும்பி நின்று தட்டியது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களை நினைத்து அழுகிறார் என்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் மனைவிக்கு விளக்கம் சொன்னார்.

அந்த நேரத்தில் அதிகாரி எழும்பிப் போய்விட்டிருந்தார். பேச்சு நீளவும், வந்த வேலையைப் பார்ப்போம் என்று தனியாகவே வகுப்புகளுக்குள் நடந்திருக்கிறார். முதலாம் வகுப்பில் நான் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். மற்ற வகுப்புகளும் அதைவிடப் பெரிதாக இல்லை. டீச்சர் மேடையிலிருந்து இறங்கி, தோளில் பொன்னாடைகள் சரியச் சரிய, அதிகாரிக்குப் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

"சேர், பிள்ளையள் வீட்டில இருக்குதுகள். பக்கத்திலதான். இப்ப வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாகத்தான் நின்று கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். "டீச்சர், நான் போற எல்லாப் பள்ளியிலயும் இதத்தான் சொல்றாங்க. மத்த நாள்ல வாறாங்க, இண்டைக்குத்தான் வரல்ல எண்டு. நான் கண்டதத்தான் நான் எழுத ஏலும். இவ்வளவு பெரிய விழா, இண்டைக்கே பிள்ளைகள் இல்லாட்டி..." என்றார். "உங்களுக்கு என்ட வாழ்த்து" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லாம் நல்ல நேரத்துக்குள்தான் முடிந்தது.

அடுத்த தவணையோடு பள்ளியை மூடிவிட்டார்கள். அதிபர் மனு எழுதினார், சங்கத்தார் போன் பேசினார்கள், லண்டனிலிருந்து ஒரு நீளமான வட்ஸ்அப் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பாமன்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெளிக்கிட்டு அங்கே நேரத்துக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. டீச்சர் கொஞ்சக் காலம் தோட்டத்துப் பிள்ளைகளை எழுப்பி, லொறிகளுக்கு நடுவே கையைக் காட்டி, பெரிய பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் போனார். ஒரு மழைக் காலையில் கானுக்குள் கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த வயதில் அது ஒழுங்காகவா பொருந்தும்? இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு, பிளாட்டில் கட்டிலிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து கட்டிலுக்கும் நடக்கிறார். இன்னும் நாலு மணிக்கே விழித்துவிடுகிறாராம். "எழும்பி என்ன செய்யிறது டீச்சர், சொல்லுங்கோ" என்று என்னைக் கேட்கிறார். பிள்ளைகளில் சிலர் ரோட்டைக் கடந்து போகிறார்கள். மற்றதுகள் பகலெல்லாம் பைப்படியில் நிற்கின்றன.

ஆனால் என்னைத் தூங்க விடாதது இவை எல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, அதிகாரியின் வாகனம் போன பிறகு நடந்ததுதான்.

மண்டபத்தில் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் பொன்னாடைகளைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டு, மாலையையும் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஒழுங்கைக்குள் நின்று, வழக்கமான குரலில், "எழும்புங்கோ ராசா, எழும்புங்கோடி செல்லம்" என்றார். அது போதுமாக இருந்தது. கொண்டிகள் விழுந்தன.

பிள்ளைகள் தூங்கிக்கொண்டு இருக்கவில்லை. டீச்சரின் விழா நாள் என்று ஒவ்வொன்றும் தானாகவே யூனிஃபோம் போட்டு, பட்டனைக் கோணலாகப் பூட்டி, தண்ணீர் தொட்டுத் தலையை இழுத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் விடியற்காலையிலிருந்து காத்திருந்திருக்கிறது. மேளச் சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பொடியன் என்னைக் கையைக் காட்டி, "அந்த டீச்சர் வந்து கத்திக்கிட்டே இருந்தாங்க டீச்சர், நாங்க தொறக்கவே இல்ல. சத்தமும் போடல" என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்லுவேன்! அன்று சிலிண்டர்க்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட சிறுமியும் அங்கே நின்றாள். "நான் கூடத் தொறக்கல டீச்சர்" என்றாள்.

டீச்சர் குனிந்து அவளுடைய பட்டனைக் கழற்றிச் சரியாகப் பூட்டினார். "கெட்டிக்காரி" என்றார். ஒவ்வொரு பிள்ளையாகக் கன்னத்தைப் பிடித்து, "கெட்டிக்காரன், கெட்டிக்காரி" என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு எனக்கு மட்டும் கேட்க, "திறக்காததால என்ன நடந்ததெண்டு இவையளுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

நான் சொல்லவில்லை. போன மாதம் அந்தச் சிறுமியைச் சந்தியில் கண்டேன். வளர்ந்துவிட்டாள். பெரிய பள்ளிக்குப் போவதில்லை, தாயோடு கந்தோர் துடைக்கப் போகிறாளாம். கதைத்துக்கொண்டு நின்றவள், நம்ம பள்ளிக்கூடத்த ஏன் டீச்சர் மூடினாங்க என்று கேட்டாள். பிள்ளைகள் போதாது என்று மூடிவிட்டார்கள் என்றேன்.

"என்ன டீச்சர் பேசுறீங்க" என்றாள். "நாங்க எல்லாரும் இருந்தோமே."